புத்தகத்தில் சி.எஃப்-4, கடையில் சி.ஐ-4 பிளஸ்: பழைய வண்டிக்கு எந்த ஆயில்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று 2009 இன்னோவா, 2.5 டீசல். இன்னொன்று அப்பா வாங்கிய 1998 ஜென், பெட்ரோல், கார்புரேட்டர். இன்னோவாவின் புத்தகத்தில் ‘ஏ.பி.ஐ. சி.எஃப்-4 அல்லது சி.எஃப்., 15டபிள்யூ-40’ என்று போட்டிருக்கிறது. ஜென் புத்தகத்தில் ‘எஸ்.இ., எஸ்.எஃப்., எஸ்.ஜி. அல்லது எஸ்.ஹெச்.’ என்றும், நம் ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மூன்றும் ஆகும் என்றும் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன். “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்” என்கிறார்கள். ஒரு கடைக்காரர் லாரிக்கு ஊற்றும் சி.ஐ-4 பிளஸ் பக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் மெக்கானிக், “இன்னோவாவுக்கு 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக், சி3 போட்டதை ஊத்துங்க, வண்டி பஞ்சு மாதிரி ஓடும்” என்கிறார். ஜென்னுக்கு 0டபிள்யூ-20 போதும் என்று இன்னொருவர். புது ஆயிலில் ஜிங்க் குறைவு, பழைய எஞ்சின் தேய்ந்துவிடும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்கள். வீட்டில் அப்பா வாங்கி வைத்த சி.எஃப்-4 கேன் ஒன்று, 5 லிட்டர், சீல் பிரிக்காமல் கிடக்கிறது. எதைத்தான் ஊற்றுவது?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னோவாவுக்கு 15டபிள்யூ-40, சி.ஐ-4 பிளஸ். அது கிடைக்காவிட்டால் அதே 15டபிள்யூ-40-இல் சி.கே-4. ஜென்னுக்கு உங்கள் புத்தகம் சொல்லும் மூன்று கிரேடில் எது கிடைக்கிறதோ அது. தரம் மட்டும் எஸ்.எல். அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். லாரி பக்கெட்டைக் காட்டிய கடைக்காரர் சொன்னது சரி. மெக்கானிக் சொன்னதை ஊற்றினால் எஞ்சின் கெட்டுவிடாது, ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு உங்களுக்குப் பலன் இல்லை. ஜென்னுக்கு 0டபிள்யூ-20 கூடவே கூடாது.

டப்பாவில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு நடக்கிறது. ‘15டபிள்யூ-40’ என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் கிரேடு. ‘சி.எஃப்-4’, ‘எஸ்.ஜி.’ போன்றவை அந்த ஆயில் எந்தெந்த எஞ்சின் சோதனைகளில் தேறியது என்பதைச் சொல்லும் தரம், ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு வகுத்தது. எஸ் என்றால் பெட்ரோல், சி என்றால் டீசல். காலாவதியாவது தரம் மட்டுமே. கிரேடுக்குக் காலாவதி கிடையாது. 1998-இல் உங்கள் ஜென்னின் பேரிங்கில் எவ்வளவு இடைவெளி விட்டார்களோ, அந்த இடைவெளிக்கு ஏற்ற கெட்டி இன்றைக்கும் அதேதான். ஆகவே தரத்தில் மேலே ஏறலாம், கிரேடில் புத்தகத்தை விட்டு விலகக் கூடாது.

பெட்ரோல் வரிசை எளிது. எழுத்து ஏற ஏறத் தரம் ஏறும், புதியது பழையதற்கும் ஆகும். பத்தாம் வகுப்பு போதும் என்று கேட்ட வேலைக்குப் பட்டதாரி வருவதுபோல. ஏ.பி.ஐ. அமைப்பின் அட்டவணையே, எஸ்.இ. ஆயில் 1979-க்குப் பிறகு செய்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு உகந்ததல்ல என்கிறது. எஸ்.எஃப்-க்கு அந்த வருடம் 1988, எஸ்.ஜி-க்கு 1993, எஸ்.ஹெச்-க்கு 1996. உங்கள் புத்தகத்தில் இருக்கும் நான்கும் காலாவதி. இன்றைக்கும் செல்லுபடியாகும் பட்டியல் எஸ்.ஜே-இல் தொடங்குகிறது. பிறகு 2001-இல் எஸ்.எல்., 2004-இல் எஸ்.எம்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என்று வந்தன. இவற்றில் எதை ஊற்றினாலும் ஜென் கேட்டதைவிட மேலான ஆயில்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. கடையில் சில சமயம் ‘எஸ்.எஃப்.’ என்று அச்சிட்ட மலிவு டப்பா கண்ணில் படும். புத்தகத்தில் உள்ள அதே எழுத்து கிடைத்துவிட்டதே என்று வாங்கிவிடாதீர்கள். புத்தகத்தில் இருப்பது அந்தக் காலத்தில் கடையில் கிடைத்ததை வைத்து எழுதிய குறைந்தபட்ச அளவு. நல்ல ஆயிலும் அதே விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும் இன்றைய கடையில் அந்தக் குறைந்தபட்சத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

டீசல் வரிசை இவ்வளவு நேராகப் போகாது. இன்னோவா புத்தகத்தில் உள்ள சி.எஃப்-4, சி.எஃப். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பிபோல இருந்தாலும் வேறு வேறு வேலைக்குச் செய்தவை. சி.எஃப்-4 1990-இல் வந்தது, வேகமாகச் சுழலும் நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்களுக்காக. சி.எஃப். 1994-இல் வந்தது, ப்ரீ-சேம்பர் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சின்ன அறை) உள்ள பழைய பாணி எஞ்சின்களையும், அரை சதவீதத்துக்கு மேல் கந்தகம் கலந்த டீசலையும் மனத்தில் வைத்து. பின்னால் வந்த சி.ஹெச்-4 (1998), சி.ஐ-4 (2002) ஆகியவை சி.எஃப்-4-க்குப் பதிலாக ஊற்றத்தக்கவை என்று ஏ.பி.ஐ. வெளிப்படையாகச் சொல்கிறது. சி.எஃப். அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் இன்னோவா காமன் ரெயில், நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின், சி.எஃப்-4 பக்கத்துப் படியில் ஏறினால் போதும். குவாலிஸ், பழைய இண்டிகா வைத்திருப்பவர்கள், “எங்களுடையது ப்ரீ-சேம்பர் ஆச்சே” என்று கேட்கக்கூடும். சி.எஃப். கவலைப்பட்ட கந்தகம் இன்று பங்கில் கிடையாது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்-6 டீசலில் கந்தகம் அதிகபட்சம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, சி.எஃப். பேசியது பத்து லட்சத்தில் ஐயாயிரம் பங்குக்கு மேல். எனவே அவர்களும் 15டபிள்யூ-40 சி.ஐ-4 ஊற்றிக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இன்னோவா இந்தியாவுக்கு வந்தது 2005-இல். அப்போதே சி.ஐ-4 வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதாவது புத்தகம் அச்சாகும்போதே அந்தத் தரம் பழசு. பல நாடுகளில் விற்கும் எஞ்சினுக்கு, எந்த மூலையிலும் கிடைக்கிற ஆயிலைக் குறைந்தபட்சமாக எழுதிவைப்பது கம்பெனிகளின் வழக்கம். அந்த எஞ்சினுக்கு அதுவே சிறந்தது என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால் சி.ஐ-4 உங்கள் வண்டிக்குக் கூடுதலாகவே பொருந்தும். உங்கள் எஞ்சினில் ஈ.ஜி.ஆர். இருக்கிறது, எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும். அதனால் ஆயிலில் கரி சேரும், அமிலமும் சேரும். 1990-இன் சி.எஃப்-4 இந்த ஏற்பாட்டை நினைத்துச் செய்ததல்ல. சி.ஐ-4 அதற்காகவே வந்தது. 2004-இல் சேர்த்த ‘பிளஸ்’, கரி சேர்ந்தாலும் ஆயில் கூழாகிவிடாமலும், ஓட ஓடக் கெட்டி குறைந்து இளகிவிடாமலும் இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனை.

கரி என்றதும் ஒரு வழக்கமான புகார்: “ஆயில் மாத்தி நாலு நாள்ல கருத்துப்போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்.” டீசல் எஞ்சினில் ஆயில் கருப்பது, கரியை அது தன்னுள் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். கறை நடுவிலிருந்து ஓரம் வரை மெல்ல மெல்ல வெளுத்துப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் தார்ப் பொட்டுபோல இறுகி, விளிம்பு கோடு போட்டதுபோல நின்றுவிட்டால் கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். வெளியே அகலமாக எண்ணெய்ப் பசை வளையம் படர்ந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கலந்தால் டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும், டீசல் வாடையும் வரும்.

உங்கள் எஞ்சின் குடும்பத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இன்ஜெக்டரின் அடியில் உள்ள வாஷர் பழுதானால், எரிந்த வாயு டாப்பெட் கவருக்குள் கசிந்து ஆயிலைக் கெட்டிக் கரியாக்கும். அந்தக் கரி, ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடையை அடைக்கும். ஆயில் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். காலையில் ஸ்டார்ட் செய்தபின் ஆயில் விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரமானால், உலகத்திலேயே விலை உயர்ந்த ஆயிலை ஊற்றினாலும் அது சரியாகாது. வாஷரை மாற்றி, சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்க வேண்டும். இதே காரணத்துக்காக, கடையில் விற்கும் எஞ்சின் ஃப்ளஷ் திரவத்தை ஊற்ற வேண்டாம். பல வருடம் ஒட்டிக்கிடந்த கசடை அது ஒரே நேரத்தில் பெயர்த்து அந்த ஸ்ட்ரெய்னருக்கே அனுப்பும். புதிய தர ஆயிலே கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும். முதல் முறை மட்டும் 3,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டு, அதன்பிறகு புத்தகத்தில் உள்ள இடைவெளிக்குப் போகலாம்.

இப்போது மெக்கானிக் சொன்ன சி3. அது ஏ.சி.இ.ஏ. என்ற ஐரோப்பிய அமைப்பின் வகை. சி3 ஆயிலில் சாம்பலாகும் பொருள் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும் வண்டிகளில் அந்தச் சாம்பல் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. உங்கள் 2009 வண்டியில் டி.பி.எஃப். இல்லை. சாம்பலைக் குறைப்பதற்காக அமிலத்தை முறிக்கும் சரக்கையும் குறைத்துத்தான் சி3 செய்வார்கள். உங்களுக்கு அந்தச் சரக்குதான் வேண்டும்.

நேர் எதிரான தவறு இதைவிட மோசம், நம் பக்கத்தில் அதிகம் நடப்பதும் அதுதான். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் காரில், இன்னோவா கிரிஸ்டா உட்பட, டி.பி.எஃப். உண்டு. “பழைய இன்னோவாவுக்கு இதைத்தானே ஊத்தினோம்” என்று அதில் சி.ஐ-4 பிளஸ் ஊற்றினால் சாம்பல் சேர்ந்துகொண்டே போகும். கரியை எரித்துச் சுத்தம் செய்வதுபோல் சாம்பலை எரிக்க முடியாது. வீட்டில் பழையதும் புதியதும் சேர்ந்து நின்றால் கேன்களின் மேல் மார்க்கர் பேனாவால் வண்டி நம்பரை எழுதி வையுங்கள்.

5டபிள்யூ, 15டபிள்யூ வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ முன்னால் வரும் எண், குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதற்கு. 15டபிள்யூ என்ற பெயருக்கான ஸ்டார்ட்டிங் சோதனை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் நடக்கிறது, 5டபிள்யூவுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரியில். தளி, ஓசூர் பக்கம் மார்கழி விடியலில்கூடப் பத்து டிகிரி அளவில்தான் நிற்கும். காவேரிப்பட்டணத்தில் அந்தக் குளிரும் கிடையாது. நம் ஊருக்கு அந்த முன் எண்ணால் பெரிய லாபம் இல்லை.

பின் எண் வேறு கதை. எஞ்சின் சூடாகி ஓடும்போது பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நிற்கும் படலத்தின் பலத்தை அதுதான் சொல்கிறது. 150 டிகிரி சூட்டில், அதிவேக உரசலில் அளக்கும் கெட்டித்தன்மைக்கு, கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பின் அட்டவணை கீழ்வரம்பு வைத்திருக்கிறது: 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டுக்கும் 3.7. உங்கள் ஜென்னில் 0டபிள்யூ-20 ஊற்றுகிறவர் 3.7 இருக்க வேண்டிய இடத்தில் 2.6-ஐ வைக்கிறார். இன்றைய எஞ்சின்கள் அதற்கென்றே சின்ன இடைவெளியும் வேறு பம்பும் வைத்துச் செய்தவை. இருபத்தைந்து வருடம் ஓடித் தேய்ந்த ஜென்னில், சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் மே மாத வெயிலில் இரண்டாம் கியரில் இழுத்துவிட்டு ஐடிலுக்கு வந்ததும் ஆயில் விளக்கு மினுக்கும். வால்வ் சீல் வழியாகவும் ஆயில் குடிக்கும்.

ஜிங்க் பயத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை. ஜிங்க், பாஸ்பரஸ் கலந்த தேய்மானத் தடுப்புச் சரக்கு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் எஸ்.எம். தொடங்கி பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்ற மேல்வரம்பு வந்தது. ஆனால் அந்த மேல்வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற எரிபொருள் சிக்கன கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 கிரேடுகளை அது கட்டுப்படுத்தாது. எல்லாக் கிரேடுக்கும் பொதுவாக 0.06 சதவீதம் என்ற கீழ்வரம்பு உண்டு. நீங்கள் ஊற்றப்போவது 40 அல்லது 50 கிரேடு. யூடியூப் பயம் உங்களுக்குப் பொருந்தாது. தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கிக் கலப்பதும் வேண்டாம். ஆயில் கம்பெனி அளந்து கலந்த கணக்கை அது குலைக்கும்.

20டபிள்யூ-40 கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் பைக் ஆயிலைத்தான் நீட்டுவார். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று இருந்தால் அது கிளட்ச் நனைந்து ஓடும் பைக்குக்கு. அவசரத்துக்கு ஜென்னில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தச் சிறப்புக்குக் கொடுக்கும் காசு வீண்.

இரண்டு வண்டிக்கும் ஒரே ஆயில் ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆகும். 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பக்கெட்டுகள் சிலவற்றில் ‘சி.ஐ-4 பிளஸ்/எஸ்.எல்.’ என்று சாய்கோடு போட்டு இரண்டு தரம் இருக்கும். அந்த எஸ்.எல். இருந்தால் பெட்ரோல் எஞ்சின் சோதனையிலும் தேறியது என்று பொருள். உங்கள் ஜென்னுக்கும் தாராளமாக ஊற்றலாம். சி எழுத்து மட்டும் இருந்தால் ஜென்னுக்கு வேண்டாம். இன்னோவாவுக்கு ஃபில்டரோடு சேர்த்து 7 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், ஜென்னுக்கு 3 லிட்டர் அளவு. ஒரு 10 லிட்டர் பக்கெட்டில் இரண்டும் முடிந்துவிடும்.

லாரி பக்கெட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பெரிய சம்ப் வைத்து நாள் முழுக்க ஒரே சூட்டில் ஓசூர் சாலையில் ஓடும் லாரிக்கான கணக்கு. இன்னோவாவுக்குப் புத்தகத்தில் உள்ள இடைவெளிதான். மாந்தோப்பு மண் பாதையிலும் பக்கத்து ஊருக்குச் சின்னச் சின்ன ஓட்டத்திலுமே வண்டி போகிறது என்றால் அதிலும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். டப்பாவில் எஃப்.ஏ-4 என்று இருந்தால் தொடாதீர்கள். சி.கே-4-உடன் கூடப் பிறந்தது என்றாலும் அது மெல்லிய ஆயில், பழைய எஞ்சின்களுக்கு ஆகாது. பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் எந்த விலைக்கும் வேண்டாம். மூடிக்குள் உள்ள சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் மூன்றையும் கடையிலேயே பாருங்கள். காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுவிட்டே பழைய சாமான்காரரிடம் கொடுங்கள், திரும்ப நிரப்பி விற்க வழி இல்லாமல் போகும்.

மாற்றும்போது எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். சம்ப் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பழைய ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரப்பர் மேலே மேலே உட்கார்ந்தால் வழியிலேயே ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். இன்னோவாவுக்கு முதலில் 6 லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆயில் நுரைக்கும், பிரீதர் வழியாக இன்டேக்குக்குள்ளும் போகும். வடித்த கரி ஆயிலைக் கிணற்றடியிலோ வரப்பிலோ ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள்.

அப்பா வாங்கிய சி.எஃப்-4 கேன்: தேதியைப் பாருங்கள். சீல் சரியாக இருந்து, நிழலில் கிடந்து, செய்து ஐந்து வருடத்துக்குள் என்றால் அது கெட்ட ஆயில் அல்ல, உங்கள் புத்தகம் கேட்ட ஆயிலேதான். ஆனாலும் ஈ.ஜி.ஆர். உள்ள இன்னோவாவில் அதை வீணாக்க வேண்டாம். தோட்டத்தில் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் பம்ப்செட் இருந்து, அதன் தகட்டிலோ புத்தகத்திலோ 40 கிரேடு ஆயில் போட்டிருந்தால் அதற்கு ஊற்றுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ, கேனைச் சாய்த்துப் பார்க்கும்போது அடியில் படிவு தெரிந்தாலோ, கேட் கீலுக்கும் ஏர் கலப்பை போல்ட்டுக்கும் தடவ வைத்துக்கொள்ளுங்கள்.